மயிலாள் நெய்யில் கிண்டிய லேகியம்

ஊத்துக்குளி மயிலாளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நெய்யில் கலப்படமா என்று யாராவது விளையாட்டுக்குக் கேட்டால்கூடத் நெய்த் தூக்குப்போசியை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவாள். புருஷன் போன பிறகு எருமைகளை வைத்துக்கொண்டு, ரயிலேறித் திருப்பூர் வந்து நெய் விற்றே பிழைத்தவள். மோந்து பார்க்காமலே வாங்கலாம் என்று அங்கே ராயபுரத்தில் பேர் எடுத்திருந்தாள்.

அந்தப் பேரைத்தான் அங்கமுத்து விற்றுத் தின்றான். பிள்ளை பெற்றவர்களுக்கு லேகியம் கிண்டி விற்கிறவன், நெய்க்கு மயிலாளின் வாடிக்கைக்காரன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து வாக்கில் யாவாரம் பத்தவில்லை என்று, மாசமாக இருக்கிறவர்களிடமும் அதே லேகியத்தை நீட்ட ஆரம்பித்தான். பனியன் கம்பெனி வாசலில் நின்றுகொண்டு, "மயிலாள் நெய்யில கிண்டுனதுங்க, வயித்துப் புள்ளைக்கு வலுவுங்க" என்பான். மயிலாளுக்கு இது தெரியாது.

கம்பெனியில் பனியன் மடிக்கிற, மயிலாளிடம் நெய் வாங்குகிற நூர்ஜானுக்கு அப்போது ஐந்தாம் மாதம். வாங்கித் தின்றாள். அந்த வாரமே உதிரப்போக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பிள்ளை தங்கவில்லை.

பார்க்கப் போன மயிலாளிடம் அவள் அழுதாள். "உங்க நெய்யின்னாருங்க்கா. அதான் ரோசனை பண்ணாமத் தின்னுட்டேன்."

மயிலாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டாக்டரம்மாவைப் பிடித்துக் கேட்டாள்.

"இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா, என்ன போட்டான்னே தெரியலையே. ஆனா பெத்தவங்க திங்கற மருந்துல சிலது வயித்துல இருக்கற புள்ளைக்கு ஆகாது" என்றார் அவர்.

அங்கிருந்து நேராக அங்கமுத்து வீட்டுக்குப் போனாள்.

"என்னடா போட்ட அதுல?"

"பரம்பரை மருந்துங்க்கா. வெளிய சொல்லக் கூடாதுங்க."

உள்ளே அவன் மகள் பூவாத்தாள் இருந்தாள், தலைப்பிரசவத்துக்கு வந்தவள்.

"சொல்ல வேண்டாம். உன்ற மவளைக் கூப்புடு. என் கண்ணு முன்னால ஒரு உருண்டை திங்கட்டும்."

அங்கமுத்து எழுந்து நிலைப்படியை மறைத்துக்கொண்டான். "அவளுக்கு வேண்டாமுங்க்கா."

"ஏன்?"

அவன் கதவை இழுத்துச் சாத்தினான்.

"உன்ற மவளுக்கு ஆகாதுன்னு தெரியுது. நூர்ஜான் எவனோ பெத்த புள்ளை, அப்படித்தானே?"

திண்ணையில் இருந்த லேகியச் சட்டியைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

அதோடு விட்டானா பாவி? அடுத்த சம்பளச் சனிக்கிழமை கம்பெனி வாசலுக்கு டால்டாவில் கிண்டிக்கொண்டு வந்து, அதே மயிலாள் பேரைச் சொல்லி விற்றான். அவளும் விடவில்லை. தன் யாவாரத்தைப் போட்டுவிட்டு அவனுக்கு எதிரிலேயே நின்றாள். "அது என்ற நெய்யில்லீங்க! என்ன போட்டிருக்கான்னு கேட்டுட்டுத் தின்னுங்க!" தொண்டை கட்டும் மட்டும் கத்தினாள். அவன் அந்தப் பக்கம் தலைகாட்டாமல் போக மாசக்கணக்கானது.

நூர்ஜான் மறுபடி உண்டானாள். மயிலாள் புது நெய் உருக்கி எடுத்துக்கொண்டு போனாள். நூர்ஜான் போசியைத் தொடவில்லை.

"கோவிச்சுக்காதீங்க்கா. இதுல என்னென்ன போட்டிருக்கீங்க?"

மயிலாள் போசியை மூடவுமில்லை, கிளம்பவுமில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"எருமை வெண்ணெய், ஒரு கொத்து முருங்கை எலை. வேற ஒண்ணுமில்ல" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "கேளு கண்ணு. என்னையும் கேளு."