அறைக் கதவும் பனங்குற்றியும்

யாழ்ப்பாணத்து இணுவிலில் நான் இருக்கும் வீடு என்னுடையது இல்லை. வீட்டுக்காரி கனடாவில் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் போனவர்கள் வீட்டை வாடகைக்கு விடும்போது தங்கள் சாமான்களை ஒரு அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டுத் திறப்பையும் கொண்டுபோய்விடுவார்கள். மிச்ச வீட்டில் நாம் சமைக்கலாம், படுக்கலாம், காய்ச்சல் வந்தால் சுருண்டு கிடக்கலாம். அந்த அறை மட்டும் நமக்கு இல்லை. நாள் போகப்போக அப்படி ஒரு அறை இருப்பதே மறந்துவிடும். பூனை இல்லாவிட்டால் நானும் மறந்திருப்பேன்.

பூனை என்னோடு வந்தது. ஏழு வயது, சாம்பல் நிறம், முதுகில் கறுப்புக் கோடு. பெயர் வைக்கவில்லை, “எடியே” என்றால் வரும், வர விருப்பம் இருந்தால். பழைய வீட்டில் கதிரை, பாய், நூலகத்துக்கு நான் கொண்டுபோகும் பை என்று கண்டதையெல்லாம் பிறாண்டித் தள்ளியிருக்கிறது. பைக்காக நான் இரண்டு நாள் அதோடு கதைக்காமலும் இருந்திருக்கிறேன். ஆனால் கதவு எதையும் அது தொட்டதில்லை.

இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்டு முகம் கழுவிய கையோடு, அந்தப் பூட்டிய அறையடிக்குப் போனது. கதவின் அடியில், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், முன்னங்காலால் மூன்று தரம் பிறாண்டியது. பிறகு நிறுத்திவிட்டுத் தலையைச் சரித்துக் காதைக் கதவோடு வைத்துக்கொண்டு இருந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று தரம். மறுபடி காது. உள்ளே இருப்பவர் பதில் சொல்ல நேரம் விடுவதுபோல இருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“உள்ளுக்கு ஆரடி உனக்குச் சொந்தம்?” என்று கேட்டேன்.

அது திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த நாளும் அதே நேரம் போனது. அதற்கு அடுத்த நாளும். பழைய முதிரைக் கதவு, நல்ல வைரம் பாய்ந்த மரம். என்றாலும் ஒரு மாதத்தில் அடிப்பலகையில் வெள்ளைக் கோடுகள் விழுந்துவிட்டன. நான் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து அவற்றை மறைத்துக்கொண்டு இருந்தேன்.

கிணற்று மோட்டர் பழுதாகிவிட்டது என்று சொல்ல ஒருநாள் வீட்டுக்காரியோடு கைபேசியில் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தேன். என்னைவிட எட்டு, ஒன்பது வயது இளையவர். கதை நடுவில் பின்னால் பூனை தொடங்கிவிட்டது. அவர் பாதிச் சொல்லில் நின்றார்.

“அக்கா, உது என்ன சத்தம்?”

“பூனை, தங்கச்சி. சும்மா பிறாண்டுது.”

“என்னத்தைப் பிறாண்டுது?”

“உங்கடை அறைக் கதவைத்தான். நான் எண்ணெய் பூசி விடுறன், ஒண்டும் தெரியாது.”

அவர் முகம் அப்படியே நின்றது. இணைப்பு அறுந்து படம்தான் நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவருக்குப் பின்னால் யன்னல் சீலை ஆடிக்கொண்டிருந்தது. பூனை நிறுத்தும் வரைக்கும் அவர் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“நான் நல்லூர்த் திருவிழாவுக்கு வாறன் அக்கா,” என்றார். “அதுக்கு முன்னம் அந்தப் பூனையை எங்கையெண்டாலும் விட்டிடுங்கோ. ஏலாதெண்டால் நீங்கள் வேறை வீடு பாருங்கோ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கதவுக்கு இவ்வளவு பெருமையா என்று குசினிச் சட்டிகளோடு சண்டை பிடித்தேன். வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டிக்கொண்டுபோய்ச் சந்தையடியில் விட்டுவிட்டு வருவது இங்கே பலர் செய்வதுதான். என்னால் முடியாது. நான் கதைப்பதைக் கேட்க அந்த வீட்டில் இருந்த ஒரே உயிர் அது. இந்த வயதில் இன்னொரு வீடு தேடி, தனியாக இருக்கும் பெண்ணுக்கு ஏன் வீடு என்ற விசாரணைக்கெல்லாம் நின்று பதில் சொல்லவும் என்னிடம் தெம்பில்லை. ஆகவே கதவை விட்டுவிட்டுப் பிறாண்ட அதற்கு வேறு ஒன்று கொடுக்கவேண்டும். திருவிழாவுக்கு மூன்று மாதம் இருந்தது.

முதலில் கொழும்பிலிருந்து பூனை பிறாண்டும் கம்பம் ஒன்று வரவழைத்தேன். படத்தில் ஆள் உயரம் தெரிந்தது. பெட்டியைத் திறந்தால் என் முழங்காலுக்கு வந்தது. மேலே பஞ்சுப் பந்து ஒன்று தொங்கியது. பூனை ஒரு தரம் காலை வைத்தது, கம்பம் ஆடிச் சரிந்து பூனையின் முதுகிலேயே விழுந்தது. அதற்குப் பிறகு அந்தச் சாமான் இருந்த மூலைக்கே போகவில்லை. அடுத்து, பலகையில் சாக்கை இறுக்கி ஆணி அடித்து நிலத்தில் போட்டேன். அதில் படுத்து நித்திரை கொண்டது. மூன்றாவதாக ஒரு கமுகந்துண்டில் தும்புக் கயிறு சுற்றி விறாந்தையில் நிறுத்தினேன். பழக்கிவிடலாம் என்று அதன் முன்னங்கால்களைப் பிடித்துக் கயிற்றில் தேய்த்துக் காட்டியதுதான் நான் செய்த பெரிய பிழை. கையைக் கீறிவிட்டு அலுமாரிக்கு மேலே ஏறியது, அடுத்த நாள் பின்னேரம்தான் இறங்கியது.

கையில் மருந்து பூசிக்கொண்டு நின்ற என்னை எதிர்வீட்டு அண்ணை கண்டுவிட்டார். தச்சுவேலை செய்கிறவர். சாமி, பேய், சாத்திரம் எதிலும் நம்பிக்கை இல்லாத மனிதர். கோயில் தேருக்கு மரம் செதுக்கப் போனாலும் கும்பிடாமல் வருவார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“பிள்ளை, பூனை என்னத்துக்குப் பிறாண்டுது? உடம்பை முழுக்க நீட்டி இழுக்கிறதுக்கு. உன்ரை கமுகந்துண்டு அரை ஆள் கூட இல்லை, அதோடை ஆடுது. நாங்கள் ஆடுற கட்டிலிலை படுப்பமே? ஆடாத குற்றி வேணும். விறாந்தையிலை வைச்சுப் பிரயோசனமில்லை, அது பிறாண்டிற இடத்திலையே வைக்கவேணும்.”

ஒரு கிழமையில் செய்து கொண்டுவந்தார். பனங்குற்றி, என் நெஞ்சு உயரம். அடியில் பாரமான பலகை. அலவாங்கால் நெம்பினாலொழிய அசையாது. தும்புக் கயிற்றை இடைவெளி இல்லாமல் குறுக்காகச் சுற்றியிருந்தார். அறைக் கதவுக்குப் பக்கத்திலேயே பலகையை வைத்து, குற்றியை அதில் இறுக்கி நிறுத்தினோம். பூனையைப் பழக்க நான் ஒன்றும் செய்யவேண்டாம், அதைப் பார்க்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கயிறு கிழிந்தாலும் மாற்றக்கூடாதாம், பூனையின் மணம் அதில்தான் இருக்குமாம்.

இரண்டாம் நாள் காலை நித்திரையால் எழும்பி வந்த பூனை குற்றியைச் சுற்றி மணந்து பார்த்தது. பின்னங்காலில் எழுந்து, முழு உடம்பையும் நீட்டி, கயிற்றில் நகத்தைக் கொழுவி இழு இழு என்று இழுத்தது. தும்பு பறந்தது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. அண்ணைக்குத் தோசை சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்று மத்தியானம் சாப்பிட்டு முகம் கழுவிவிட்டு, குற்றியைக் கடந்து கதவடிக்குப் போய், அடியில் மூன்று தரம் பிறாண்டியது.

மற்ற நாள் அண்ணை வந்து விறாந்தை வாங்கில் இருந்து தன் கண்ணாலேயே பார்த்தார். காலையில் குற்றி, மத்தியானம் கதவு. அவர் எழுந்து போய்க் கதவின் அடியை விரலால் தடவினார். சிரிப்பு இல்லை.

“நான் எத்தினையோ கதவு திருத்தியிருக்கிறன். நகம் தீட்டிற கீறல் மேலை இருக்கும், நீளமா இருக்கும். இது அடியிலை இருக்கு. இது திறக்கச் சொல்லிக் கேக்கிற கீறல், பிள்ளை.”

“உள்ளுக்கு எலி இருக்கும்,” என்றேன்.

“இருக்கும்,” என்றார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பேயை நம்பாதவர் அப்படிப் போனது எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். சாப்பிட்டுவிட்டுக் கூடத்துக் கதிரையில் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். பிறாண்டல் கேட்டது. மூன்று தரம். கண்ணை எடுக்காமலே “சூ” என்றேன். நிறுத்தம். மறுபடி மூன்று தரம். “எடியே, சொல்லுறது விளங்கேல்லையே?” என்று கையை இறக்கியபோது கை பூனையின் முதுகில் பட்டது. அது என் மடியில் கிடந்தது. நித்திரை கொள்ளவில்லை. காதிரண்டையும் கதவுப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது.

எலி என்றால் பூனை மடியில் கிடக்காது. இது எனக்குத் தெரியும். என்றாலும் எலி, எலி என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வானொலியைப் போட்டேன். அன்று முதல் மத்தியானத்தில் வானொலி இல்லாமல் நான் அந்தக் கூடத்தில் இருந்ததில்லை. பயந்துதான் போனேன்.

திருவிழாவுக்கு வீட்டுக்காரி வந்துவிட்டார். பூனையை விட்டாச்சு என்று பொய் சொல்லியிருந்தேன். அவர் வருகிற அன்று காலை பூனையைக் கூடையில் வைத்து எதிர்வீட்டு அண்ணையிடம் கொடுத்துவிட்டு வந்தேன். குற்றியை இரண்டு பேராலும் அசைக்க முடியவில்லை, அது நின்ற இடத்திலேயே நின்றது.

பத்து மணிபோல வந்தார். மெலிந்த பெண், நல்ல சேலை, கையில் திறப்புக் கோர்வை. என்னோடு வடிவாகக் கதைத்தார். கூடத்துக்கு வந்ததும் குற்றியையும் அதில் தொங்கிய தும்பையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆமைப்பூட்டைத் திறந்தார்.

உள்ளே இரண்டு அலுமாரி, ஒரு தையல் மெசின், சுவரோடு சாத்திய படங்கள். எலிப் புழுக்கை ஒன்றுகூட இல்லை. அவர் போய் யன்னலைத் திறந்துவிட்டார். வெளிச்சம் வந்து கதவின் உட்பக்கத்தில் விழுந்தது. அடிப்பலகையில், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம் வரைக்கும், மரம் பள்ளமாகப் போயிருந்தது. கீறல் என்று சொல்ல முடியாது. தோண்டப்பட்டிருந்தது.

நான் பார்த்ததை அவர் கண்டார்.

“தொண்ணூற்றைஞ்சிலை,” என்றார். “ஆமி வருகுதெண்டு ஊர் முழுக்க ஒரேயடியா வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு ஓடினமெல்லே. அம்மா பெறுமதியான சாமானெல்லாத்தையும் இதுக்குள்ளை போட்டுப் பூட்டினவ. எங்கடை பூனை உள்ளுக்கு நிண்டது தெரியாது. ரெண்டு நாளிலை திரும்பி வருவம் எண்டு நினைச்சம். ஆறு மாசம் போச்சு. வந்து பார்த்தால் மிச்ச வீட்டிலை ஒரு சாமானும் இல்லை, எல்லாம் களவு போயிட்டுது, இந்த ஒரு கதவைத்தான் ஆரும் உடைக்கேல்லை.”

பிறகு திறந்தபோது எதைக் கண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

“அம்மா சாகுமட்டும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதவ,” என்றார். “கவனிக்காமல் பூட்டிப்போட்டன் எண்டு.”

கதவுக்குப் பெருமை பேசுகிறவர் என்று மூன்று மாதமாக நான் திட்டியதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வாருங்கோ தங்கச்சி, தேத்தண்ணி போடுறன் என்று அவரைக் கூடத்துக்குக் கூட்டிவந்தேன். அப்போது என் காலை உரசிக்கொண்டு பூனை போனது. எதிர்வீட்டிலிருந்து எப்படி வந்ததோ தெரியாது. ஒரு அவசரமும் இல்லாமல் நடந்து அறைக்குள் போனது.

நான் வாயைத் திறப்பதற்குள் சோளகக் காற்று யன்னலால் அடித்துக் கதவை டமாரென்று சாத்தியது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து, கதவின் அடியில், மூன்று தரம். நிறுத்தம். மூன்று தரம்.

நான் ஓடினேன். அவர் கையைக் குறுக்கே நீட்டினார். தடுக்கிறார் என்றுதான் நினைத்தேன், ஒரு கணம் அவரை அடித்துவிடவும் நினைத்தேன். ஆனால் அவர் தானே போய், கைபிடியை இரண்டு கையாலும் திருகி, பாரமான அந்தக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தார். பூனை வெளியே வந்தது. எங்கள் இருவரையும் பார்க்காமல் குசினிப் பக்கம் போனது.

அவர் கதவு விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

“பூனை நிக்கட்டும் அக்கா. நீங்களும் இருங்கோ. இந்த அறையை இனிப் பூட்ட வேண்டாம்.”

எனக்கு வந்த ஆறுதலில் நன்றி சொல்லத் தொடங்கினேன், எதையெதையோ சொன்னேன், பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

“அண்டைக்கும் எனக்குக் கேட்டது,” என்றார்.

“என்ன?”

“அம்மா பூட்டேக்கை நான் பக்கத்திலை நிண்டனான். உள்ளுக்கை பிறாண்டினது. மூண்டு தரம். வாசலிலை எல்லாரும் கெதியா வா, கெதியா வா எண்டு கத்திக்கொண்டு நிக்கினம். சொன்னால் திருப்பித் திறக்கவேணும், அப்பா ஏசுவார் எண்டு பேசாமல் நிண்டிட்டன். அம்மா அவ்வளவு அழுதும் அவவுக்கு நான் சொல்லேல்லை.”

நீங்கள் அப்போது சின்னப் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. முப்பது வருடமாக அதை அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருப்பார்.