"நாளைக்கு வா, உப்புத் தர்றேன்"

மருத்துவச்சி மிலுங்காவுக்கு அந்தப் பூச்சியிடம் பயமே கிடையாது. மே மாதத்தில் பேரி மரத்தடியில் எப்போதாவது ஒன்று கண்ணில் படும். காட்டுப் பட்டுப்பூச்சி. விரித்த கை அகலம், சாம்பல் நிறம், இறக்கைக்கு ஒன்றாகக் கண் மாதிரி நான்கு புள்ளி. அவளுக்குப் பயமெல்லாம் அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கிற மனிதர்களிடம்தான்.

நேற்று அந்தியில் ஸ்டோயா வீட்டு வேலியோரம் வரும்போது பார்த்தாள். விளக்கைத் தேடி வந்த பூச்சியை ஸ்டோயா பிடித்து, மெழுகுவர்த்தியில் இறக்கையைப் பொசுக்கி, ஜன்னல் வழியே வீசிவிட்டுக் கத்தினாள்: "போ! நாளைக்கு வா, உப்புத் தர்றேன்!"

சூனியக்காரி தூங்கும்போது அவள் உயிர்தான் இப்படிப் பூச்சியாகப் பறக்கிறதாம். மறுநாள் தீக்காயத்தோடு வந்து எவள் உப்புக் கேட்கிறாளோ, அவள்தானாம் சூனியக்காரி. மேட்டு வீட்டு யெலிகா அப்படித்தான் ஒரு கிண்ணம் உப்புக்குப் போய் மாட்டிக்கொண்டாள். அப்புறம் அவளோடு யாரும் பேசவில்லை, ஊரைவிட்டே போனாள். நல்ல மனுஷி, பாவம்.

இன்று காலை ரொட்டி சுடும்போது, கங்கு பரப்பிய இரும்பு மூடி நழுவி மிலுங்காவின் வலது கையில் விழுந்தது. புறங்கை முழுக்கக் கொப்புளம். வலிக்கு முன்னால் ஸ்டோயாவின் கூச்சல்தான் நினைவுக்கு வந்தது. இன்றைக்கு வாசலைத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்தாள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை, ஸ்டோயாவின் மகன், நெவென்காவின் புருஷன் ராதிசாவ் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"பெரியம்மா, நெவென்காவுக்கு விடியக்காலைலேருந்து வலி. புள்ளையோட கால் வெளிய தெரியுதாம். சீக்கிரம் வாங்க!"

கால் என்று கேட்ட பிறகு எந்த மருத்துவச்சி தன் கையைப் பற்றி யோசிப்பாள்? யோசித்தாள்தான், பொய் சொல்வானேன். சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டு, யோசித்துக்கொண்டே ஓடினாள்.

சட்டைக் கையைச் சுருட்டாமல் பிள்ளை எடுக்க முடியாது. சுருட்டினாள். தலைமாட்டில் நின்ற ஸ்டோயாவின் முகம் வெளுத்தது.

"கையில என்ன?"

"ரொட்டி மூடி சுட்டுடுச்சு."

"ரொட்டி மூடியா!" ஸ்டோயா சிலுவை போட்டுக்கொண்டாள். "டேய் ராதிசாவ், இவளை வெளிய அனுப்புடா!"

"யாரும் உள்ள வரக் கூடாது!" நெவென்கா அலறினாள். "அவங்க கையை எடுத்தா நான் செத்துருவேன்!"

ஆண் பிள்ளை. நீலம் பாரித்து வந்தது. மிலுங்கா தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள், வாயில் ஊதினாள், மறுபடி தட்டினாள். வீறிட்டு அழுதது. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் வினை இனிமேல்தான். பிறந்த பிள்ளைக்கு உப்புத் தேய்த்துக் குளிப்பாட்டாமல் அந்த ஊரில் எந்த மருத்துவச்சியும் வெளியேற முடியாது. உப்பை வீட்டுக்காரியிடம் அவள்தான் கேட்டு வாங்க வேண்டும். இருபத்தேழு வருஷமாகச் சும்மா கேட்ட வார்த்தை இன்று அவளையே மாட்டிவிடும்.

ஸ்டோயா வாசலை மறித்து நின்றாள். "என்ன வேணும்? கேளேன்."

மிலுங்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் பேரனைப் பிழைக்கவைத்த கையடி இது!

"உப்பு வேணும். எடுத்துட்டு வா."

"நேத்து கூப்பிட்டேன், வந்துட்டா," என்று ஸ்டோயா முணுமுணுத்தாள். "ஊரைக் கூட்டுறேன் பாரு."

கட்டிலிலிருந்து நெவென்காவின் குரல் ஈனமாக வந்தது. "கூட்டுங்க அத்தை. பூச்சியைச் சுடும்போது உங்க கட்டைவிரலும்தான் வெந்துச்சு. அதையும் ஊருக்குக் காட்டுங்க."

ஸ்டோயா விரலைச் சட்டென்று பாவாடை மடிப்பில் ஒளித்தாள். பிறகு போய் உப்புக் கிண்ணத்தை எடுத்து வந்தாள்.

மிலுங்கா கொப்புளக் கையை அதற்குள் விட்டாள். உயிர் போகிற எரிச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையின் முதுகில் தேய்த்தாள்.

"காலைப் புடி," என்றாள்.

ஸ்டோயா பிடித்தாள். ஈர உப்பு கட்டைவிரலில் பட்டதும் 'ஸ்ஸ்' என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"எரியுதா?"

"எரியுது."

"எனக்கும்தான் எரியுது, ஸ்டோயா. விடாத, புடி."