முகத்துக்கு நேரே மின்னிய விளக்கு

கள்ளக்குறிச்சிக் கல்யாண மண்டபத்தில் பாட்டு தொடங்கியதும் வெள்ளை விளக்கு படபடவென மின்னியது. ஆடிய பிள்ளைகள் ஒவ்வொரு மின்னலிலும் உறைந்து நிற்பதுபோலத் தெரிந்தார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

என் அக்கா மலருக்கு அடிக்கடி வலிப்பு வரும். ரிஷிவந்தியத்தில் எல்லோரும் பேய் என்றார்கள். அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளாமல் எங்கள் இருவரையும் வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே அக்காவின் தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். முகத்துக்கு நேரே ஒரு விளக்கு. கண்ணாடிக் குழாயில் வாயு அடைத்திருக்கிறது, சேர்த்துவைத்த மின்சாரத்தை அதில் ஒரே கணத்தில் விட்டால் பளிச்சென்று மின்னி அணையும், உடனே மறுபடி சேரும் என்றார் டாக்டர். விளக்கு வேகம் கூட்டி மின்ன, அக்காவின் விரல்கள் வெட்டி இழுத்தன.

"நிறுத்துங்க சார், புள்ள தாங்காது," என்றாள் அம்மா.

டாக்டர் அணைத்தார். "பேய் இல்லம்மா. மூளையில கோளாறு. இந்த வெளிச்சம் காட்டிக் குடுத்துடுச்சி. மாத்திரைய நிறுத்தாம குடுங்க."

பஸ்ஸில் அம்மா வழியெல்லாம் சிரித்த முகமாக வந்தாள்.

மாத்திரையில் வலிப்பு நின்றது. எலவனாசூர்கோட்டையில் மாப்பிள்ளை அமைந்தார். கல்யாணம் முடிந்து புறப்படும்போது அப்பா அக்காவிடம், "மாத்திரைய எடுத்துக்கினு போவாத. பாத்தா திருப்பி அனுப்பிடுவாங்க," என்றார்.

கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போன அக்கா, முழங்கால் ஆழம்கூட இல்லாத வாய்க்காலில் கவிழ்ந்து கிடந்தாள்.

காரியத்தன்று பெரியப்பா, "அன்னிக்கே பேய் ஓட்டியிருந்தா பொழச்சிருப்பா," என்றார்.

அம்மா அப்பாவை ஒருமுறை பார்த்தாள். "ஆமாங்க," என்றாள்.