பிஸ்கட் கட்டடம்

பத்திரிகை ஆபீசில் அவளுக்குக் கிறுக்கி என்று பேர். கேலிப்படம் வரைகிறவள் என்பதால் ஆசிரியர் செல்லமாக வைத்தது. அவள் அண்ணனும் அப்படித்தான் கூப்பிடுவான். ஆனால் அவன் சொன்னால் அர்த்தம் வேறு.

ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் திறந்து வருஷம் திரும்பவில்லை, பிரசவ வார்டில் கூரை பெயர்ந்து விழுந்தது. தாய்மார்கள் தப்பித்தார்கள், நர்ஸ் ஒருத்தியின் கால் நொறுங்கிப்போனது. "மழை ஜாஸ்தி" என்று கையை விரித்தார் நகராட்சித் தலைவர். கட்டடத்தைக் கட்டிய காண்ட்ராக்டர், கிறுக்கியின் கூடப்பிறந்த அண்ணன்.

கிறுக்கி வார்டுக்கே போய், விழுந்த துண்டு ஒன்றை எடுத்து நசுக்கினாள். மாவாக உதிர்ந்தது. ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து வரைந்தாள். முன்னால் தலைவர் ரிப்பன் வெட்டுகிறார். பின்னால் ஒருவன் கட்டடத்தை பிஸ்கட்டாக டீயில் முக்கித் தின்கிறான்.

ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். சட்டென்று நிறுத்தினார். "இது உங்கண்ணன் இல்ல?"

"போடுவீங்களா, மாட்டீங்களா?"

போட்டார்.

மறுநாள் காலை அண்ணன் கதவை உதைத்துக்கொண்டு வந்தான். "என் மூஞ்சியப் போட்டு மானத்த வாங்கிட்டயே! நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?"

"திங்கறவன வரைஞ்சேன். மூஞ்சிய நீயாத்தான் கண்டுபிடிச்ச."

"வாய் நீளுதா?"

"அந்த நர்ஸம்மாவப் போய்ப் பாத்தியா?"

"ஒரு கால்தானே போச்சு? உயிரா போச்சு?"

அதுவரை அவள் மனசில் ஒரு ஓரமாகக் கூச்சம் இருந்தது. அந்தப் பேச்சோடு அதுவும் ஒழிந்தது. "வெளிய போ" என்றாள்.

படம் ஊரெல்லாம் பற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டினார்கள்; தலைவரின் ஆட்கள் கிழிக்கக் கிழிக்க மறுபடி ஒட்டினார்கள். தலைவர் எந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்தாலும், "தலைவரே, டீ போதுமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். விசாரணை வைக்காமல் தீரவில்லை. தலைவருக்குப் பதவி போனது, அண்ணனுக்கு லைசென்ஸ் போனது.

ஊர் மறந்துவிடும் என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். மறந்தும் போனது. வருஷங்கள் கழித்து, அவன் மகள் படித்த பள்ளியில் சரித்திர டீச்சர் அந்தப் படத்தை வகுப்பில் மாட்டி, "கட்டடம் ஏன் பிஸ்கட்டா இருக்கு? வீட்ல கேட்டு எழுதிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். மகள் நேராக அப்பாவிடமே வந்து கேட்டாள்.

அவன் பள்ளிக்குப் பாய்ந்தான். "அத எடுங்க மொதல்ல!"

"படத்துல இருக்கறது நீங்கதான்னு எழுதிக் குடுங்க சார், இப்பவே எடுத்துடறேன்" என்றாள் டீச்சர்.

அவன் வந்த வழியே திரும்பினான்.

டீச்சர் பத்திரிகை ஆபீசில் நம்பர் வாங்கி, இதைக் கிறுக்கிக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரித்தாள். கிறுக்கிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்தப் பொண்ணு என்ன எழுதினா?"

"வெறும் தாளக் குடுத்துட்டா."

அன்று சாயங்காலமே அண்ணியும் போனில் வந்தாள். "எம்பொண்ணு பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு அழுவுறா. இப்ப உனக்குக் குளுகுளுன்னு இருக்கா?"

அண்ணி திட்டித் தீர்க்கும்வரை கிறுக்கி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. படத்தை எடுத்துவிடச் சொல்லி டீச்சரிடம் அவள் கடைசிவரை கேட்கவே இல்லை. அண்ணன் வீட்டு வாசலையும் அப்புறம் மிதிக்கவில்லை.