முகம் காட்டாத புகழ்

பூட்டு ரிப்பேர் செய்யும் என் மாமா ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பார். அது பீடத்தைப் பார்த்து இருந்ததால் சபை கண்டதெல்லாம் அவர் முதுகைத்தான். அவர் மெட்டமைத்த பாட்டு ஒன்று இணையத்தில் பரவி, தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு வந்தது.

"இப்பவாவது உங்க முகம் நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று அத்தை புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஸ்டுடியோவில் கேமராவுக்கு எதிரே உட்கார்ந்ததும் மாமாவின் விரல்கள் தடுமாறின. பாட்டு இரண்டு முறை பாதியில் நின்றது.

"ஐயா, கேமராவைப் பாத்துச் சிரிங்க" என்றார் இயக்குநர்.

"நான் யாருக்கு வாசிக்கிறேனோ அவரு அந்தப் பக்கம் இல்லையே தம்பி. ஆர்கனைத் திருப்பிடுங்க."

திருப்பினார்கள். பிசிறில்லாமல் வாசித்தார். கடவுள் எந்தத் திசையில் இருக்கிறார் என்பதில் எனக்கு இன்னும் தீர்மானமில்லை. பாட்டு நன்றாக இருந்தது.

ஒளிபரப்பிலும் தெரிந்தது அவர் முதுகுதான். அத்தை தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா முதுகுல பூப்போட்ட சட்டையா எடுத்திருப்பேனே!"