மகளை விட்டுவர ஒரு கல்லூரி: மெல்பர்னிலிருந்து சிட்னிக்கு

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் நானும் என் மகளும் மெல்பர்னிலிருந்து சிட்னிக்குக் காரில் போய்வந்தோம். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, அவள் சேர ஆசைப்படும் கல்லூரியைப் பார்க்க. பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீடுகளில் இப்போது இதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் போன வழி, ஆன செலவு, நான் பட்ட பாடு எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன்.

அது ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. வரலாறு, தத்துவம், இலக்கியம், கொஞ்சம் கணிதம், கொஞ்சம் அறிவியல் எல்லாவற்றையும் மூன்று வருடம் கலந்து கற்றுத்தரும் இடம். மொத்த மாணவர்களே நூற்றைத் தாண்ட மாட்டார்கள். ஒரு வகுப்பில் எட்டுப் பேர், ஒன்பது பேர். முதல் வருடம் எல்லோரும் வளாகத்திலேயே தங்க வேண்டும் என்பது விதி. இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்றுதானே கேட்கிறீர்கள்? எங்கள் தெருவில் அதைக் கேட்காதவரே இல்லை. என் கணவர் வாரம் இரண்டு முறை கேட்டார். எனக்கு வேலையைப் பற்றிக் கவலைப்பட நேரமே கிடைக்கவில்லை. என் பயம் வேறு.

என் மகளுக்கு ஒன்பது வயதிலிருந்து டைப் ஒன் சர்க்கரை. இனிப்பு அதிகம் தின்று வருவதல்ல இது. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும், காலமெல்லாம் ஊசிதான். அவள் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவை அவள் போனுக்கு அனுப்பும், அங்கிருந்து அது என் போனுக்கு வரும். தூக்கத்தில் அளவு இறங்கினால் என் போன் அலறும், நான் எழுந்து ஓடுவேன். எட்டு வருடமாக இதுதான் எங்கள் வீடு.

இது யாருக்கும் தெரியாது. திருச்சியில் இருக்கும் எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தமும் இந்தப் பதிவைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்கள். பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் அது இது என்று வரும், இப்போதே எதற்கு ஊரைக் கூட்ட வேண்டும் என்று நானும் கணவரும் பேசி முடிவு செய்தோம். பள்ளியில் ஆசிரியர்களிடம் மட்டும் சொன்னோம். கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் மூச்சு விடக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு.

இப்போது அவள் வீட்டிலிருந்து தொள்ளாயிரம் கிலோமீட்டர் தள்ளி, தாழ்ப்பாள் போட்ட அறையில் தனியாகத் தூங்குவேன் என்கிறாள். அளவு இறங்கினால் யார் ஓடுவார்கள்? நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். எது எப்படிக் கெடும் என்று யோசிக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்த ஒரு அறையை மனதில் வைத்துக்கொண்டு நான் யோசித்துப் பார்த்த கெடுதல்களை இங்கே எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு, மெல்பர்னின் மேற்கே நாங்கள் இருக்கும் ட்ருகனினாவிலிருந்து கிளம்பினோம். ரிங் ரோடு பிடித்து ஹியூம் நெடுஞ்சாலை ஏறிவிட்டால் வழி தவறவே வழியில்லை. அல்பரியில் முதல் நிறுத்தம், அங்கே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். ஹோல்புரூக்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும். கடலே இல்லாத அந்த ஊரில் புல்தரையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கண்டகாய் பக்கம் மூடுபனி, முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் அரை மணி நேரம் தெரிந்தது. சிட்னியின் பாரமட்டா வந்து சேர மாலை நாலேகால். மதியத்துக்கு மேல் கிளம்பாதீர்கள், பொழுது சாயும்போது கங்காரு குறுக்கே வரும். பெட்ரோலுக்கு, போகிற வழிக்கு மட்டும், எழுபத்தெட்டு டாலர் ஆனது. விமானத்தில் போயிருக்கலாமே என்று கேட்டார்கள். காரில் போனால் நினைத்த இடத்தில் ஓரம் கட்டலாம், அதற்காகத்தான்.

இந்தியக் கடைகள் நிறைந்த ஹரிஸ் பார்க்கிலிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடுத்திருந்தோம், ஓர் இரவுக்கு நூற்று அறுபத்தைந்து. சாயங்காலம் தோசை சாப்பிடப் போனோம். தட்டு வந்ததும் மகள் எழுந்து கழிப்பறைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். தோசை ஆறிப்போயிருந்தது.

முதல் நாள் ஓட்டிய அலுப்பு தீரவில்லை, அதனால் மறுநாள் காலை காரை அறையிலேயே விட்டுவிட்டு ஊபர் பிடித்தோம். கல்லூரி வடமேற்கே நாற்பது நிமிடம், ஐம்பத்தெட்டு டாலர். கல்லூரியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. ஓட்டுநர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

“இந்தியாவோ அக்கா? நான் யாழ்ப்பாணம். கடல் வழியா போட்டில வந்தனான். இன்னும் விசா சரிவரேல்ல, ஆறு மாசத்துக்கு ஒருக்கா நெஞ்சிடிதான்” என்றார். முன்பின் தெரியாத எங்களிடம் இதைச் சொல்ல அவருக்கு இரண்டு சிக்னல்கூட ஆகவில்லை.

“இங்கருந்து பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் தம்பி?” என்று கேட்டேன்.

“இருவது நிமிசம் வரும். ஏன் அக்கா, ஆருக்கும் சுகமில்லையோ?”

“எனக்குத்தான். சுகர்” என்றேன்.

வாயிலிருந்து தானாகவே வந்துவிட்டது. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரோ பாவம், மிச்ச வழி முழுக்க எனக்குப் பாவக்காய்ச் சாறு வைத்தியம் சொல்லிக்கொண்டே வந்தார். வெறும் வயிற்றில், உப்புப் போடாமல். நானும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன். “பின்னேரம் கூப்பிடுங்கோ, நானே வாறன்” என்று நம்பரும் கொடுத்தார்.

கல்லூரி மஞ்சள் கல்லில் கட்டிய பழைய கட்டிடம். சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். சேர விரும்பும் பிள்ளைகளோடு வந்திருந்த எல்லாக் குடும்பங்களையும் இரண்டாம் வருட மாணவி ஒருத்தி சுற்றிக் காட்டினாள். மற்ற பெற்றோர் பாடத்திட்டம் கேட்டார்கள், படித்து முடித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்கள். நான் மட்டும் அறைக் கதவுக்கு வெளியிலிருந்து திறக்கச் சாவி உண்டா, பக்கத்து அறையில் பேசினால் இங்கே கேட்குமா, சமையலறையை ராத்திரி பூட்டுவார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் கேட்க வந்த கேள்வியை மட்டும் கேட்கவே இல்லை. கேட்டால் ஏன் என்பார்கள், ஏன் என்று சொன்னால் தெரிந்துவிடும்.

பதினொரு மணிக்கு ஒரு மாதிரி வகுப்பு. மாணவர்கள் மட்டும் உள்ளே, பெற்றோர் மரத்தடியில் டீ குடிக்கலாம் என்றார்கள். என் போனில் அப்போது அளவு 4.8, அம்புக்குறி கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. நாலுக்குக் கீழே, நம் ஊர்க் கணக்கில் எழுபதுக்குக் கீழே, போனால் ஆபத்து. அடுத்த ஐந்து நிமிடத்தில் புது எண் வரவில்லை. பத்து நிமிடத்திலும் வரவில்லை. இருபது நிமிடம் ஆனதும் தகவல் இல்லை என்று வந்தது. அவளுக்குப் போன் செய்தேன், மணியே அடிக்கவில்லை. டீயை எங்கே வைத்தேன் என்று தெரியாது. இறங்கிய அளவை ஏற்றக் கூடவே வைத்திருக்கும் ஜெல்லி பீன்ஸ் மிட்டாய்ப் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். முதலில் திறந்த கதவுக்குப் பின்னால் பழைய மேசைகள் அடுக்கியிருந்தன. இரண்டாவது கதவைத் தட்டாமலே திறந்தேன்.

நீள்வட்ட மேசையைச் சுற்றி எட்டு மாணவர்கள், ஓர் ஆசிரியை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மகள் உயிரோடு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சுகர் எவ்வளவு? ஏன்டி போன் எடுக்கல?” என்று கத்தினேன்.

“ஃபைவ் பாயிண்ட் ஒன்மா. இறங்குச்சு, சாப்பிட்டுட்டேன். இங்க சிக்னல் இல்ல, அவ்ளோதான்.”

அவள் முன்னால் நோட்டுப் புத்தகத்தின் மேல் இரண்டு ஜெல்லி பீன்ஸ் இருந்தன. கழிப்பறைக்குப் போகாமல், எல்லோர் எதிரிலும் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள். பிறகு மேசையைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்து ஆங்கிலத்தில், எனக்கு டைப் ஒன் டயபடீஸ், அம்மாவுக்கு என் அளவு தெரியாமல் போனதால் பயந்துவிட்டார் என்று சொன்னாள். எட்டு வருடம் பூட்டி வைத்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டாள். ஆசிரியை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

வகுப்பு தொடர்ந்தது. ஒரு மனிதருக்கு எத்தனை நண்பர்கள் இருக்க முடியும் என்பதுதான் அன்றைய கேள்வி. ஒரு பையன் ஐந்து என்றான், ஒரு பெண் எண்ணிக்கையே தவறான கேள்வி என்றாள். என் மகளின் முறை வந்தது. அவள் ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

“ஒருத்தர் இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். எனக்கு இதுவரை யாரும் இல்லை. எனக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்தானே நண்பர்? அது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். இப்போதுதான் உங்களுக்குத் தெரியும்.”

அழவில்லை, குரல்கூட மாறவில்லை. கணக்குக்கு விடை சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அவள் பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வரும் பெண்கள், பள்ளி முகாமுக்கு அவள் போகாமல் இருந்தது, தோழி வீட்டில் தங்கக் கேட்டு நான் மறுத்தது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவள் ஒருநாள் தனியாகக் கிடப்பாளே என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் ஏற்கெனவே தனியாகத்தான் இருந்திருக்கிறாள்.

வகுப்பு முடிந்ததும் விடுதிப் பொறுப்பாளரிடம் போனோம். இந்த முறை நேராகவே கேட்டேன். அவரும் பூசி மெழுகவில்லை. ராத்திரி முழுக்க யாரும் விழித்திருக்க மாட்டோம் என்றார். பக்கத்து அறைப் பெண் சம்மதித்தால் அவள் போனிலும் அலாரம் வைக்கலாம், விடுதி அறைகளில் சிக்னல் உண்டு, காலைச் சாப்பாட்டுக்கு ஆள் வரவில்லை என்றால் கதவைத் தட்டுவோம், சாவி என்னிடம் இருக்கிறது என்றார். அந்தப் பெண் அசந்து தூங்கிவிட்டால் என்றேன். அப்படியானால் இரண்டு பெண்கள் என்றார். யார் யாரிடம் சொல்லலாம் என்ற கேள்வியை அவர் என்னிடம் கேட்கவில்லை, மகளைப் பார்த்துக் கேட்டார். “எல்லோரிடமும்” என்றாள் அவள்.

சாயங்காலம் அதே ஓட்டுநர் வந்தார். கார் கிளம்பியதுமே மகள் முன்னால் சாய்ந்து, “அங்கிள், அம்மாவுக்கு சுகர் இல்ல. எனக்குத்தான். சின்ன வயசுலருந்தே இருக்கு” என்றாள்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“ஓமோ பிள்ளை?” என்றவர், கொஞ்சம் கழித்து, “அப்ப நீங்கள் மத்தியானம் வடிவாச் சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பாவக்காயைப் பற்றியும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியெல்லாம் அவள் தூங்கினாள். நான் அவளையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

இப்படிப் போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான். தங்கும் அறைக்குள் நின்று போனில் சிக்னல் வருகிறதா என்று நீங்களே பாருங்கள். நாங்கள் நிரந்தர வசிப்புரிமையில் (பி.ஆர்.) இருக்கிறோம், தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குக் கட்டணம் வேறு, அதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். உங்கள் பிள்ளையைக் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். ஒரு வகுப்பிலாவது பிள்ளை உட்கார்ந்து பார்க்கட்டும், ஒரு நாள் வராவிட்டால் அங்கே யாருக்காவது தெரியுமா என்று பாருங்கள். ஐந்நூறு பேர் உட்காரும் அரங்கில் அவள் இல்லாததை யார் கவனிப்பார்கள்? அந்த மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் எட்டுப் பேர் கேட்பார்கள். படிப்பின் தரத்தை அளக்க எனக்குத் தெரியவில்லை, இதை அளக்கத் தெரிந்தது. எதை மறைத்துக்கொண்டு போகிறீர்களோ அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். என்னைப் போலச் சாவியையும் சமையலறையையும் சுற்றிச் சுற்றி வராதீர்கள்.

இடம் கிடைத்தால் பிப்ரவரியில் கொண்டுபோய் விடுவோம். கணவர் அரை மனதோடு சரி என்றிருக்கிறார். என் பயம் குறைந்ததா என்றால் இல்லை. எவளோ ஒருத்தி அசந்து தூங்கும் ராத்திரியை நினைத்து இப்போதும் நடுராத்திரியில் எழுந்து போனைப் பார்க்கிறேன்.

இதை வெளியிடுவதற்கு முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரே ஒரு குறைதான் சொன்னாள். “மகள் மகள்னே எழுதியிருக்கியேம்மா, எனக்குப் பேர் இல்லையா?”

வேண்டாம் கண்ணு, பேரைப் போட்டால் யார் தேடினாலும் கிடைத்துவிடும், நாளைக்கு யாராவது பார்த்துவிட்டு ஏதாவது சொல்வார்கள் என்றேன்.

“சொல்லட்டும்மா.”

எல்லா இடத்திலும் மாற்ற எனக்குத் துணிச்சல் வரவில்லை. இந்த ஓர் இடத்தில் எழுதுகிறேன். அவள் பெயர் ஆதிரை.