மலைக்குள் திரும்பிப் போனவர்

கண்ணாயிரம் அண்ணன் கீரப்பாளையத்துக்காரர். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, ஐ.டி.ஐ. படித்து ஃபிட்டராகி, மேற்கே மலையில் ஒரு நீர்மின் நிலையத்துக்கு வேலைக்குப் போனார். 2004இல் என் வீட்டுக்காரர் சார்லஸ் அங்கே சேர்ந்தபோது, "அட, நம்ம கடலூர் ஆளா!" என்று இழுத்துக்கொண்டு போய்த் தன் அறையிலேயே தங்க வைத்தவர் அவர்தான். பிள்ளைகள் படிப்புக்காக இரண்டு குடும்பமும் ஊரிலேயே இருந்தோம். நான் திருப்பாதிரிப்புலியூரில், அண்ணி புஷ்பவள்ளி கீரப்பாளையத்தில்.

அது விசித்திரமான மின் நிலையம். மேலே ஓர் அணை, கீழே ஓர் அணை. ஊரெல்லாம் விளக்குப் போடுகிற சாயங்காலத்தில் மேல் அணைத் தண்ணீரை இறக்கிக் கரண்ட் எடுப்பார்கள். ஊர் அடங்கின பிறகு, மிஞ்சுகிற கரண்டை வைத்து அதே தண்ணீரை மறுபடி மேலே ஏற்றிவிடுவார்கள். இதைக் கேட்டு அண்ணனின் அப்பா தலையில் அடித்துக்கொண்டாராம். "எறக்குன தண்ணிய ஏத்தறதுக்கா சம்பளம் குடுக்குறான்? இங்க வாய்க்கால்ல தானா வர்ற தண்ணிக்கே அடிதடியா கெடக்குது!" அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இயந்திரங்கள் இருப்பது மலையைக் குடைந்து, பூமிக்கடியில். சுரங்க வாசலில் ஒரு பலகை உண்டு. உள்ளே போகிறவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் கழற்றிக்கொள்ள வேண்டும். வில்லை தொங்கினால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

2009 கிறிஸ்துமஸ் சமயம். என் வீட்டு மகராசனுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். வில்லையைக் கழற்ற மறந்துவிட்டார். மறந்ததுகூடத் தெரியாமல், ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் வாங்கின வடையைத் தின்றுகொண்டு மலையிறங்கியிருக்கிறார்.

பஸ் போன கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு குழாய் உடைந்து, அடித்தளத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லோரையும் வெளியே வரச் சொன்னார்கள். வந்தவர்கள் அவரவர் வில்லையைக் கழற்ற, ஒன்று மட்டும் மிச்சம். சார்லஸுடையது. செல்லில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த மலையில் டவர் ஏது?

"தண்ணி வடியட்டும், யாரும் உள்ள போகக் கூடாது" என்றாராம் இன்ஜினியர் சுப்பிரமணியன்.

"அது வரைக்கும் அவன் மூச்சப் புடிச்சிக்கிட்டு இருப்பானா சார்? நல்ல நாளும் அதுவுமா அவன் பொண்டாட்டிக்கு யாரு போன் போடுறது? நீங்க போடுறீங்களா?" என்று கேட்ட அண்ணன், டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு திரும்ப உள்ளே போய்விட்டார்.

கீழே இடுப்பளவு தண்ணீர். "சார்லசு! டேய் சார்லசு!" என்று கத்திக்கொண்டே மூலை முடுக்கெல்லாம் தேடியிருக்கிறார். கடைசியில் இரும்பு ஏணியில் வழுக்கி விழுந்து கால் முறிந்துபோனது. பின்னாலேயே போன இரண்டு பேர்தான் தூக்கி வந்தார்கள்.

மறுநாள் காலை இவர் வீட்டுக்குள் நுழையும்போதே செல் அடித்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன்.

அண்ணனைச் சிதம்பரம் கொண்டுவந்து ஆபரேஷன் செய்தார்கள். பார்க்கப் போகையில் எனக்கு ஒரே பயம். புஷ்பவள்ளி அண்ணிக்கு வாய் ஜாஸ்தி. காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான், ஆனால் 'இனி என் வாசப்படி மிதிக்காதீங்க' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாதே, சாமி!

இவர் கட்டிலோரம் நின்று தேம்பினார். அண்ணன் சிரித்தார். "ச்சீ, எதுக்குடா அழுவுற? நீ உள்ள இல்லாமப் போனியே, அதுக்கே நான் நடராஜருக்குத் தேங்கா ஒடைக்கணும்!" அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

அண்ணன் தேறிவிட்டார். பிறகு சிதம்பரத்துக்கே மாற்றலும் கிடைத்தது. நடையில் மட்டும் ஒரு சாய்வு. இப்போதெல்லாம் கிறிஸ்துமஸ் பலகாரத்தில் முதல் தட்டு கீரப்பாளையத்துக்குத்தான். பொங்கலுக்கு நாங்கள் அங்கே.

2012 பொங்கலன்று கரும்பு நறுக்கிக்கொண்டிருந்த அண்ணியிடம் துணிந்து கேட்டேன். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஏன் அண்ணி என்னைய ஒண்ணுமே சொல்லல?"

"சொல்லாம விடுவனா? வண்டி வண்டியா வச்சிருந்தேன்" என்றார் அண்ணி. "நீங்க வர்றதுக்குச் சித்த முன்னாடிதான் அவரத் தூக்கியாந்த ஆளு வந்துட்டுப் போனாரு. வெளிய கொண்டாந்து போட்டப்ப, எலும்பு துருத்திக்கிட்டு நிக்குதாம், இந்த மனுசன் 'சார்லஸ் கெடச்சானா, சார்லஸ் கெடச்சானா'ன்னே கேட்டுக்கிட்டு இருந்தாராம். டீக்கடைக்காரரு ஓடியாந்து, அவன் பஸ் ஏறிட்டான்னு சொன்ன பொறவுதான் 'ஐயோ, கால் வலிக்குதே'ன்னு கத்தினாராம். அதக் கேட்டுட்டு எந்த வாயால நான் உங்களத் திட்டுவேன்டி?"